ஐடி வேலைக்கு அப்ரண்டிஸாகச் சேர்வது எப்படி? பதிவு முதல் சான்றிதழ் வரை

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த கோர்ஸ்ல சேரலாம்?" முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று பணம் கட்டிப் படிக்கும் முன்பு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அதற்கு மாதாமாதம் உதவித்தொகையும் வாங்க நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. 1961-ல் வந்த தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் அது. முதலில் ஐடிஐ பிள்ளைகளுக்காக வந்தது. 1973-ல் செய்த திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் பொறியியல் டிப்ளமா முடித்தவர்களும் அதற்குள் வந்தார்கள்.

நான் 2016-ல் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு அந்த வழியில்தான் சென்னைக்கு வந்தேன். அப்போது டிப்ளமாக்காரருக்கு மாதம் 3,542 ரூபாய். அந்த ஒரு வருடத்தில் சரியாகச் செய்ததையும் தவறவிட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: உங்களுக்கு எந்த வாசல்?

பி.இ., பி.எஸ்சி., பி.சி.ஏ., பி.காம். போன்ற பட்டமோ டிப்ளமாவோ இருந்தால் மத்திய கல்வி அமைச்சகத்தின் நாட்ஸ் (NATS) என்ற அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம். பத்தாவது, பன்னிரண்டாவது, ஐடிஐ என்றால் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் நாப்ஸ் (NAPS) என்ற அப்ரண்டிஸ் திட்டம். ஐடிஐயில் 'கோபா' (கம்ப்யூட்டர் ஆபரேட்டர்) டிரேடு முடித்தவர்கள் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் வெளியே, ஜோஹோ நிறுவனம் சென்னையிலும் தென்காசியிலும் நடத்தும் ஜோஹோ பள்ளிகளைப் போல நிறுவனங்களே நடத்தும் பயிற்சியும் உண்டு. பன்னிரண்டாவதோ டிப்ளமாவோ முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து இரண்டு வருடம் கற்றுத்தருகிறார்கள். அதற்குத் தேர்வு தனி, வயது வரம்பும் உண்டு.

இங்கே நாட்ஸ் வழியை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். நான் நடந்து பார்த்தது அதுதான்.

இதற்கு மூன்று நிபந்தனைகள். படிப்பு முடித்து 5 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். ஏற்கெனவே இந்தச் சட்டப்படி அப்ரண்டிஸாக இருந்திருக்கக் கூடாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருக்கக் கூடாது. அரியர் வைத்திருப்பவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

படி 2: பதிவுக்கு முன்னால் இரண்டு சரிபார்ப்பு

முதலாவது, பெயர். நம் ஊரில் இனிஷியலால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சம் இல்லை. மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திக் மு.' என்று இருக்கும், ஆதாரில் 'கார்த்திக் முருகன்' என்று இருக்கும், வங்கியில் இன்னொரு மாதிரி இருக்கும். பதிவு ஆதாரை வைத்து நடப்பதால் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால் பாதியிலேயே நின்றுவிடும். ஆதார் மையத்தில் திருத்தச் சில வாரம் ஆகலாம் என்பதால் இதை இன்றைக்கே பாருங்கள்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. உதவித்தொகையில் அரசின் பங்கு நேரடியாக உங்கள் ஆதாரோடு இணைந்த கணக்குக்கு வரும். நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்கு ஒன்றாகவும் ஆதாரோடு இணைந்த கணக்கு வேறாகவும் இருந்தால் பணம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். கல்லூரியில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்காகத் திறந்த கணக்கில் ஆதார் இணைந்திருப்பது பலருக்கு நினைவிலேயே இருக்காது. ஆதார் இணையதளத்தில் உள்ளே போனால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். ஒரு நிமிட வேலை.

படி 3: பதிவு

நாட்ஸ் இணையதளத்தில் மாணவர் பகுதிக்குப் போங்கள். முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விவரம் கொடுக்க வேண்டும். ஆதார் எண், செல்போனுக்கு வரும் ஓடிபி, படிப்பு விவரம், பட்டச் சான்றிதழ் அல்லது புரொவிஷனல் சான்றிதழ், போட்டோ, வங்கி விவரம் ஆகியவற்றைக் கேட்கும். முடித்ததும் ஒரு பதிவு எண் கிடைக்கும். அதைத் தனியாகக் குறித்து வையுங்கள், கடைசி வரை தேவைப்படும்.

இதற்கு ஒரு பைசா கட்டணம் இல்லை. பதிவு செய்து தருகிறோம், கம்பெனியில் இடம் வாங்கித் தருகிறோம் என்று கன்சல்டன்சி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழை ஒப்படைக்கச் சொன்னாலும் அப்படித்தான். காட்டலாம், நகல் கொடுக்கலாம், அசல் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

படி 4: நிறுவனத்தைத் தேடுவது

பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. இணையதளத்தில் நிறுவனங்கள் போடும் இடங்களுக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். நெய்வேலி என்எல்சி போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் கம்ப்யூட்டர் படித்தவர்களையும் அப்ரண்டிஸாக எடுக்கின்றன. அறிவிப்பு வந்த பிறகு விண்ணப்பிக்கக் கிடைப்பது குறைந்த நாள்தான் என்பதால் வாரம் ஒருமுறையாவது பாருங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனமும் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. இது ஐடி கம்பெனிக்கு மட்டும் இல்லை. திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு, இருப்பு, ஆர்டர் எல்லாவற்றையும் பார்க்கும் இஆர்பி மென்பொருள் ஓடுகிறது, கோவையில் உள்ள மருத்துவமனையில் சர்வர் அறை இருக்கிறது, மதுரையில் உள்ள வாகன டீலரிடம் இருபது கம்ப்யூட்டரும் ஒரு நெட்வொர்க்கும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்குக் கூடுதலாக ஒரு கை தேவைப்படுகிறது. நேரில் போய், "நாட்ஸில் பதிவு செய்திருக்கிறேன், உதவித்தொகையில் ஒரு பங்கை அரசு தருகிறது, உங்களிடம் அப்ரண்டிஸ் இடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இந்தத் திட்டமே தெரியாத மேலாளர்கள் இருக்கிறார்கள். நீங்கள் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வரும்.

பெரிய பெயர்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். சின்ன இடத்தில் பழுதான நெட்வொர்க் சுவிட்சைக் கழற்ற உங்களை விடுவார்கள். பெரிய இடத்தில் அந்த அறைக்குள் போகவே அனுமதி கிடைக்காமல் போகலாம்.

படி 5: கையெழுத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது

நான் கேட்காமல் விட்டது இதைத்தான். வேலை கிடைத்த சந்தோஷத்தில் சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். எந்தப் பிரிவில் உட்காருவேன், யார் எனக்குக் கற்றுத்தருவார், முதல் மூன்று மாதத்தில் எதைப் பழகுவேன், எனக்கென்று கம்ப்யூட்டர் உண்டா, இரவு ஷிஃப்ட் உண்டா? இந்த ஐந்தையும் பணிவாகக் கேளுங்கள். பயிற்சிக்குத் திட்டம் இல்லாத இடத்தில் முதல் கேள்விக்கே பதில் தடுமாறும்.

பிறகு ஒப்பந்தம். நிறுவனம் இணையதளத்தில் அதை உருவாக்கும், நீங்கள் படித்துப் பார்த்து ஏற்க வேண்டும், அதன்பின் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் அங்கீகரிக்கும். தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இந்த ஒப்பந்தம் இல்லாமல் வெறும் பேச்சில் சேர்ந்தால் நீங்கள் சட்டப்படி அப்ரண்டிஸே இல்லை, கடைசியில் சான்றிதழும் வராது. தொடங்கும் தேதி, முடியும் தேதி, தொகை மூன்றையும் பாருங்கள். 2019-ல் திருத்திய விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் 9,000 ரூபாய், டிப்ளமாவுக்கு 8,000. இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. 2025 மே மாதம் இதை 36 சதவீதம் உயர்த்த மத்திய தொழில் பழகுநர் குழு பரிந்துரைத்தது. ஆகவே சேரும் நாளில் நடப்பில் உள்ள தொகை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவனம் விரும்பினால் கூட்டியும் தரலாம்.

படி 6: அந்த ஒரு வருடம்

முதல் இரண்டு மாதம் நான் செய்த வேலை: பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பது, பிரிண்டர் டோனர் மாற்றுவது, எந்த மேசையில் எந்தக் கம்ப்யூட்டர் என்று எக்செல்லில் ஏற்றுவது. இதற்கா டிப்ளமா படித்தோம் என்று ராத்திரி ஹாஸ்டலில் படுத்தால் தொண்டை அடைக்கும்.

திருப்பம் ஒரு நோட்டில் வந்தது. பட்டதாரி, டிப்ளமா அப்ரண்டிஸ்கள் அன்றன்று செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று விதியே இருக்கிறது. நான் சடங்குக்கு எழுதாமல் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் (ஊழியர்களிடமிருந்து வரும் புகாருக்கும்) நான்கு வரி எழுதினேன்: என்ன பிரச்சினை, நான் முதலில் எதை முயன்றேன், எது சரி செய்தது, ஏன் வந்தது. நான்காவது வரிக்குத்தான் பெரும்பாலும் பதில் தெரியாது. அதை மட்டும் மாலையில் சீனியரிடம் கேட்பேன். பொதுவாக "சொல்லிக்கொடுங்க அண்ணா" என்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று புரியாது. "நேற்று மூன்றாவது மாடியில் மட்டும் நெட் போனது, ஏன் மற்ற மாடியில் போகவில்லை?" என்று கேட்டால் பேனாவை எடுத்துப் படம் போட்டே விளக்கிவிடுவார். ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதியாகப் பிரிக்கும் விலேன் (VLAN) என்றால் என்ன என்பதை நான் கல்லூரியில் இல்லை, அப்படி ஒரு டீ இடைவேளையில்தான் புரிந்துகொண்டேன்.

மூன்றாம் மாதம் நோட்டைப் புரட்டியபோது ஒரே பிரச்சினை திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் நெட்வொர்க் டிரைவ் காலையில் இணையாமல் போவது. அதற்குப் பத்து வரியில் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளைத் தானாக வரிசையாக இயக்கும் கோப்பு) எழுதிக் காட்டினேன். அடுத்த வாரமே என்னை சர்வர் பக்கம் உட்கார வைத்தார்கள்.

நீங்கள் டெஸ்டிங்கில் இருந்தாலும் கோடிங்கில் இருந்தாலும் இந்த நான்கு வரி உதவும். இன்னொன்று: தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டாதீர்கள். லைவ் சர்வரில் எதையாவது அழித்துவிட்டால் உடனே போய்ச் சொல்லிவிடுங்கள். பத்து நிமிடத்துக்குள் சொன்னால் பேக்கப்பில் எடுத்துவிடலாம்.

நிறுவனத்தின் பாஸ்வேர்டு, வாடிக்கையாளர் விவரம் எதையும் நோட்டில் எழுதக் கூடாது. நோட்டு உங்களோடு வீட்டுக்கு வரும், அந்த விவரம் வரக்கூடாது.

படி 7: சிக்கல் வந்தால்

எனக்கு இரண்டு மாத உதவித்தொகை நின்றது. கேட்டபோது "ட்ரெய்னிதானே, பொறுத்துக்கோ" என்றார்கள். ஹாஸ்டல் வாடகைக்கு அம்மா கம்மலை அடகு வைத்தார், இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது. அன்று எனக்குத் தெரியாததை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு மாதத்து உதவித்தொகையை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்பது விதி. முதலில் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். வாயால் கேட்பதற்கு ஆதாரம் இருக்காது. பதில் வராவிட்டால் பதிவு எண்ணையும் ஒப்பந்த நகலையும் சேர்த்து வாரியத்துக்கு எழுதுங்கள். நான் எழுதிய பிறகு பணம் வந்தது.

பாதியில் வேறு வேலை கிடைத்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஒப்பந்தத்தை முறைப்படி முடித்துக்கொள்ள வழி இருக்கிறது, கடிதம் கொடுத்து இணையதளத்திலும் முடிந்ததாகக் காட்டச் சொல்லுங்கள்.

படி 8: முடியும்போது

வருடம் முடிந்தால் அந்த நிறுவனம் உங்களை வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. எனவே பத்தாவது மாதத்திலேயே வெளியில் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். நேர்காணலில் "அனுபவம் உண்டா?" என்றால் அந்த நோட்டிலிருந்து மூன்று பிரச்சினைகளை எடுத்துச் சொல்லுங்கள். எனக்கு இரண்டாவது நேர்காணலில் அந்த பேட்ச் ஃபைல் கதையைச் சொன்னதும் வேலை கிடைத்தது.

பயிற்சிக் காலம் முழுதாக முடிந்ததும் வாரியம் தேர்ச்சிச் சான்றிதழ் வழங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனம் உங்கள் முன்னேற்ற அறிக்கையை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதில் ஒன்று விடுபட்டாலும் சான்றிதழ் தாமதமாகும் என்பதால் ஒவ்வொரு காலாண்டிலும் ஹெச்ஆரிடம் நினைவூட்டுங்கள். சான்றிதழ் கையில் வந்ததும் இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுபவமாகப் பதிந்துகொள்ளுங்கள்.