பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் குடிவருவோர் காரைப் பேணும் முறை

பணி ஓய்வுக்குப் பின் பிரான்சிலிருந்தும், பிரான்சுக்கு உரிய ரீயூனியன் தீவிலிருந்தும் வந்து புதுச்சேரியிலோ கடலூரிலோ வீடெடுத்துத் தங்கும் தமிழர்களும், அங்கேயே பிறந்து வளர்ந்து பெற்றோரின் ஊரில் சில ஆண்டுகள் வாழ்ந்து பார்க்க வரும் இளையவர்களும், வந்த சில மாதங்களுக்குள் கார் ஒன்றை வாங்கிவிடுகின்றனர். சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதற்குக் கை விரைவில் பழகிவிடுகிறது. காரைப் பேணும் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரான்சில் நான்கு ஆண்டு நிறைந்த கார் ‘கோந்த்ரோல் தெக்னீக்’ என்னும் கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக், டயர், விளக்கு, அடிச்சட்டம் அனைத்தையும் வேறொருவர் பார்த்துக் குறை எழுதிக் கொடுப்பார். இங்கே சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்கும் நாள் வரும்வரை, புகைப் பரிசோதனைச் சான்றைத் தவிர, உங்கள் பிரேக் தேய்ந்திருக்கிறதா என்று கேட்க யாரும் வரமாட்டார்கள். அங்கே சட்டம் நினைவூட்டிய வேலையை இங்கே நீங்களே நாள் குறித்துச் செய்ய வேண்டும். என் வீட்டில் ஆயுத பூசைக்குக் காரைக் கழுவிப் பொட்டு வைக்கும் வாரத்தையே அதற்கென ஒதுக்கியிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அது வருவதும் ஒரு வசதி. வெயிலில் ஆறு மாதம் காய்ந்த வைப்பர் ரப்பர் வெடித்திருக்கும். முதல் மழையில் கண்ணாடி மங்கிய பிறகு கடை தேடாமல் அந்த வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

கடற்காற்று இங்கே காருக்கு முதல் எதிரி. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு காரின் அடிப்பகுதியை அரிக்கும் என்பதைப் பிரான்சில் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்த உப்பு ஆண்டு முழுவதும் காற்றிலேயே வருகிறது. கடற்கரைச் சாலைக்குப் பக்கத்துத் தெருக்களிலும், கடலூர்த் துறைமுகம், தேவனாம்பட்டினம் போன்ற இடங்களிலும் இரவு முழுவதும் வெளியே நிற்கும் காரின் கண்ணாடியில் காலையில் விரலை இழுத்தால் பிசுபிசுப்பை உணரலாம். வாரம் ஒருமுறை மேலே மட்டும் துடைப்பது போதாது. சக்கர வளைவுகளுக்கு உள்ளேயும் அடிப்பகுதியிலும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும், அதற்கு மாதம் ஒருமுறை வாட்டர் சர்வீஸ் கடையில் காரை மேலே தூக்கிக் கழுவச் சொல்வதே நல்லது. கடலோரத்தில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருப்பதால், அதில் கழுவினால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிடுங்கள். கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த சிறு புள்ளியை அழகுக் குறையாக எண்ணித் தள்ளிப் போடாதீர்கள். துரு அங்கிருந்துதான் உள்ளே இறங்கும்.

இதே உப்புநீரைக் குறித்து இன்னொரு எச்சரிக்கை உண்டு. ரேடியேட்டரில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் அளவு குறைந்திருந்தால் சில இடங்களில், “பரவாயில்ல சார், தண்ணி ஊத்திக்கலாம்” என்று குழாய் நீரை ஊற்றிவிடுவார்கள். கூலன்ட் என்பது பிரான்சில் நீர் உறையாமல் காப்பதற்கு. இங்கே உறைபனி இல்லையே, பிறகு எதற்கு என்று நீங்களும் நினைக்கலாம். அது நீரின் கொதிநிலையை உயர்த்துவதோடு எஞ்சினுக்குள் உலோகம் அரிபடாமலும் தடுக்கிறது. மே மாத வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு நெல்லித்தோப்பு நெரிசலில் நிற்கும்போது அதன் தேவை புரியும். காரின் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்டை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பேட்டரிக்கும் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதுவும் ஆகாது. பேட்டரி குளிரில்தான் சாகும் என்று அங்கே கற்றோம். உண்மையில் வெப்பம்தான் அதன் ஆயுளை வேகமாகக் குறைக்கிறது, குளிர்காலக் காலையில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவே. இங்கே மூன்று ஆண்டு கடந்த பேட்டரியை ஒவ்வொரு சர்வீசிலும் சோதிக்கச் சொல்வது நல்லது.

டயர் காற்றின் கணக்கை நீங்கள் ‘பார்’ அலகில் அறிந்திருப்பீர்கள். பெட்ரோல் பங்க்கில் பையன் கேட்பது பி.எஸ்.ஐ. கணக்கில். ஒரு பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ.; ஆகவே 2.2 பார் என்றால் 32 என்று சொல்ல வேண்டும். உங்கள் காருக்கு உரிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயர் சூடேறிய பின் அளந்தால் கணக்கு கூடுதலாகக் காட்டும் என்பதால், காலையில் வீட்டுக்கு அருகிலுள்ள பங்க்கிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பிடிக்கச் சொல்ல மறக்க வேண்டாம். டயரின் பள்ளம் 1.6 மி.மீ. ஆழமாகக் குறையும்வரை பொறுக்கலாம் என்பது சட்டம், ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழையோடு ஓட்டுபவர் அதற்கு வெகு முன்னரே மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து.

எரிபொருளை இங்கே பணியாளர் நிரப்புவார். பழக்கத்தில், பெட்ரோலுக்கு உரிய பிரெஞ்சுச் சொல்லான ‘எஸ்ஸான்ஸ்’ என்று சொல்லிவிடாமல் பெட்ரோல் என்றோ டீசல் என்றோ தெளிவாகச் சொல்லி, மீட்டர் பூச்சியத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். மாறி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. காரைத் தள்ளி ஓரங்கட்டி டேங்க்கைக் காலி செய்ய வேண்டும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பழைய காரை வாங்கினால், அது இந்தக் கலவைக்கென அமைந்ததாக இல்லாமல் இருக்கலாம் என்பதால், எரிபொருள் செல்லும் ரப்பர்க் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது வெள்ளத்தைப் பற்றி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மரம் விழுந்து நசுங்கிய கார்களைக் கண்டோம். 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயல், ஒரு நாளைக்குள் 40 செ.மீ.க்கும் மேல் மழையைப் புதுச்சேரியில் கொட்டியது. அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பகுதிகளும் மூழ்கின. பிரான்சிலிருந்து வந்து மூன்று மாதமே ஆகியிருந்த என் மைத்துனரின் கார் புதுச்சேரி ரெயின்போ நகரில் இருக்கை அளவு நீரில் நின்றது. நீர் வடிந்ததும், ஓடுகிறதா என்று பார்ப்போம் எனச் சாவியைத் திருப்பினார். ஒரே ஒரு உலோகச் சத்தத்தோடு எஞ்சின் நின்றுவிட்டது. காற்றைப் போல நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது பிஸ்டன் மேலே எழுந்தால் இணைப்புத் தண்டு வளையும். சாவியைத் தொடாமல் வண்டியைக் கட்டி இழுத்துச் சென்றிருந்தால், நீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டர்களையும் மாற்றுவதோடு முடிந்திருக்கக்கூடிய வேலை அது. நீரில் நின்ற எஞ்சினை ஓட்ட முயன்றதால் வரும் சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். இந்த ஊரில் அந்தப் பிரிவு இல்லாமல் காப்பீடு எடுக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தவுடன், மரமும் விளம்பரப் பலகையும் இல்லாத மேட்டில் காரை நிறுத்துங்கள். தேங்கிய நீர் சக்கரத்தின் பாதியைத் தொட்டால் அந்தத் தெருவுக்குள் இறங்க வேண்டாம். எதிரே வரும் பேருந்தின் அலை மீதிப் பாதியையும் நிரப்பிவிடும்.

எஞ்சின் ஆயிலைப் பெரும்பாலான கார்களில் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இவற்றில் முந்தி வருவதற்கேற்ப மாற்ற வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு ஆண்டுதான் முந்தி வரும். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக, பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஐந்தாறு மாதம் பிரான்சுக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு: ஓடும் காரைவிட நிற்கும் கார்தான் இங்கே அதிகம் கெடுகிறது. புறப்படுமுன் கழுவி நன்றாகக் காயவிட்டு, டேங்க்கை நிரப்பி, டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி, பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு விட்டுச் சென்றால் ஈரக்காற்றில் பிரேக் பிடித்தபடியே ஒட்டிக்கொள்ளும்; கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். துணி உறையே மேல். திரும்பி வந்தவுடன் பானட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா, கூடு வைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கீழே ஆயிலோ கூலன்டோ சொட்டியிருக்கிறதா என்று தரையையும் பாருங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, காற்றைச் சரியான அளவுக்கு இறக்கி, வாசலிலேயே சில அடி முன்னும் பின்னும் நகர்த்திப் பிரேக்கை மிதித்துப் பார்த்த பின்னரே தெருவில் இறக்குங்கள்.