கிளீசு 486 பி: சிறிய கோள் ஒன்றை உறுதிசெய்து அளப்பது எப்படி?

கோள் ஒன்று விண்மீனுக்கு முன்னால் கடந்தால் விண்மீனின் ஒளி சற்றே குறையும்; ஆனால் அப்படி ஒளி குறைந்து மீள்வதைக் கண்டவுடன் கோள் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏறத்தாழ 26 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கிளீசு 486 என்ற செங்குறுமீனையும் (குளிர்ந்த சிறு விண்மீன்) அதைச் சுற்றும் கிளீசு 486 பி என்ற கோளையும் வைத்து, ஐயத்துக்குரிய ஒரு பள்ளம், அதாவது ஒளிக்குறைவு, எப்படி உறுதியான கோளாகிறது என்று பார்ப்போம்.

படி 1: கோள்களைத் தேடும் நாசாவின் டெஸ் விண்கலத்தின் தரவு மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் லைட்கர்வ் தொகுப்பை நிறுவி, டெஸ் பட்டியலில் இதற்குள்ள டிஓஐ-1827 என்ற பெயரில் தேடி ஒளிவளைவை (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) இறக்கிக்கொண்டு, அதைக் கோளின் சுற்றுக்காலமான 1.467 நாள் இடைவெளியில் மடியுங்கள்; அதாவது துண்டுகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். சிதறிக் கிடந்த பள்ளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து, 0.13 விழுக்காட்டு ஆழம் தெளிவாகும்.

படி 2: டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 விநாடிக்கோண அகலம் கொண்டது என்பதால், பக்கத்தில் ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள் இருந்தால் அவற்றின் ஒளியும் உள்ளே கலந்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்று பள்ளங்களின் ஆழம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் இரட்டை விண்மீன் என்றே ஐயுற வேண்டும். பிறகு, தரையிலுள்ள தொலைநோக்கியின் கூர்மையான படத்தில் மங்குவது எந்த விண்மீன் என்று சரிபார்க்க வேண்டும்.

படி 3: இனி ஆரம். பள்ளத்தின் ஆழம் என்பது விண்மீன் வட்டின் பரப்பில் கோள் மறைக்கும் பங்கு; அதன் வர்க்கமூலமே இரு ஆரங்களின் விகிதம். 0.0013-இன் வர்க்கமூலம் 0.036. விண்மீனின் ஆரம் சூரியனுடையதில் 0.33 பங்கு, அதாவது 36 புவி ஆரங்கள். இரண்டையும் பெருக்கினால் 1.3 புவி ஆரம் கிடைக்கிறது. இதே கோள் சூரியனைக் கடந்தால் பள்ளம் வெறும் 0.014 விழுக்காடுதான். குளிர்ந்த சிறு விண்மீன்களை வானியலாளர் தேடிப் போவதற்கு இதுவே முதற்காரணம். ஆனால் விண்மீனின் ஆரத்தில் பிழை இருந்தால் கோளின் ஆரத்திலும் அதே விகிதத்தில் பிழை வரும்.

படி 4: ஆரம் மட்டும் தெரிந்தால் பாறையா, வாயுவா என்று சொல்ல முடியாது, நிறை வேண்டும். ஸ்பெயினின் காலார் ஆல்ட்டோவிலுள்ள கார்மெனஸ் போன்ற நிறமாலைமானிகள் (விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவிகள்), கோளின் ஈர்ப்பால் விண்மீன் விநாடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைவதை அளந்தன. சைக்கிளில் நிதானமாகப் போகும் வேகம் அது! இதிலிருந்து கோளின் நிறை புவியின் நிறையைப் போல் 2.8 மடங்கு என 2021-இல் வெளியானது. 1.3-இன் முப்படி 2.2, 2.8-ஐ அதனால் வகுத்து, புவியின் அடர்த்தியான 5.5-ஆல் பெருக்கினால், கன சென்டிமீட்டருக்கு 7 கிராம் என்று வரும். பாறைக்கோள்தான்.

அதிகம் ஏமாற்றுவதும் இந்தப் படியே. விண்மீனின் மேற்பரப்பிலுள்ள குளிர்ந்த கரும்புள்ளிகள் அதன் சுழற்சியோடு வந்துபோகும்போது அதே போன்ற அசைவு பதிவாகும். கிளீசு 581 டி என்று கொண்டாடப்பட்ட 'கோள்' விண்மீனின் காந்தச் செயல்பாடே என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. கிளீசு 486-இல் கடப்பும் அசைவும் ஒரே காலமுறையில் ஒத்துப்போவதே நம் துணிவுக்கு அடிப்படை.

படி 5: வளிமண்டலம். 2023-இல் ஜேம்ஸ் வெப் தரவில் நீராவியின் சாயல் தெரிந்தது. ஆயினும் நீராவி தங்கும் அளவுக்குக் குளிர்ந்த புள்ளிகள் அந்த விண்மீனிலேயே இருக்கக்கூடும் என்பதால், மாதிரியில் அவற்றையும் சேர்த்தே பொருத்த வேண்டும். அடுத்து, கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது அகச்சிவப்பு ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளந்து பகற்பக்கத்தின் வெப்பத்தைக் கணக்கிடுங்கள். வெப்பத்தை இரவுப்பக்கம் கொண்டுசெல்லக் காற்று இல்லாத பாறையில் அது மிக உயர்ந்தே இருக்கும்.