தோள் கேட்கிறதா, கண் கேட்கிறதா? எடை குறைந்த லேப்டாப் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கடையில் ஒல்லியான லேப்டாப்பை ஒரு கையால் தூக்கிப் பார்த்தவுடனேயே பாதிப் பேர் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் முடிவெடுப்பது கண்தான், தோள் அல்ல. எடை குறைவுக்காக வாங்கும்போது ஒரு முறை கூடுதலாகப் பணம் கொடுக்கிறோம். பிறகு ரேமைக் (வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) கூட்ட முடியாமலும், கேபிள் செருகும் போர்ட் போதாமலும் இன்னொரு முறை கொடுக்கிறோம். அதனால் வாங்குவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டிய சில வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். லேப்டாப்பின் உள்விவரங்களை இதுவரை எட்டிக்கூடப் பார்க்காதவர்களும் செய்யலாம். பெரும்பாலானோரிடம் விண்டோஸ் இருப்பதால் அதை வைத்தே விளக்குகிறேன்.

படி 1: பையை எடை போடுங்கள்

லேப்டாப்பை மட்டும் அல்ல, தினமும் தூக்கிக்கொண்டு கிளம்பும் பையை முழுவதுமாக எடை போட வேண்டும். கொக்கியில் மாட்டும் சிறிய டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது. இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடையில் கேட்டுப் பாருங்கள். லேப்டாப், சார்ஜர், வெறும் பை, மற்ற சாமான்கள் என்று நான்கு எண்களையும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

சாதாரண 15.6 அங்குல லேப்டாப் பெரும்பாலும் 1.6 முதல் 1.9 கிலோ வரை இருக்கும். சார்ஜர் ஒயரோடு சேர்த்து 250 முதல் 400 கிராம். எடை குறைந்தவை என்று விற்கப்படும் 13, 14 அங்குல லேப்டாப்கள் ஏறக்குறைய 1 கிலோவில் தொடங்கி 1.4 கிலோவுக்குள் அடங்கும். ஆக, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் மிச்சமாவது பெரும்பாலும் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அலுவலகத்தில் குடிநீர் கிடைக்குமானால், பாட்டிலைக் காலியாக எடுத்துப் போவது புது லேப்டாப்பைவிட அதிகமாகத் தோளுக்கு உதவும், அதுவும் செலவே இல்லாமல்.

கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு. அது பெரும்பாலும் 2.3 கிலோவைத் தாண்டும், சார்ஜர் மட்டுமே பல நேரம் அரை கிலோவுக்கு மேல் வரும். அவர்கள் மாறினால் ஒன்றரைக் கிலோ வரை குறையும். அது முதுகுக்குத் தெரியும்.

என் அளவுகோல் இதுதான்: சார்ஜரையும் சேர்த்துக் குறைவது அரை கிலோவுக்குக் கீழே என்றால் எடைக்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல் என்றால் அடுத்த படிக்குப் போகலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் முதலில் சார்ஜரை மாற்றிப் பார்க்கலாம். உங்கள் லேப்டாப் யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் என்றால், காலியம் நைட்ரைடு (GaN) என்னும் சிறிய, எடை குறைந்த வகை 65 வாட் சார்ஜர் ஒன்றே போனுக்கும் லேப்டாப்புக்கும் போதும். பழைய செங்கல் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

படி 2: எத்தனை நாள் சுமக்கிறீர்கள்?

ஒரு வாரம் குறித்து வையுங்கள். லேப்டாப் வீட்டை விட்டு வெளியே போன நாள்கள் எத்தனை? அதில் பைக்கிலோ காரிலோ வைத்துக்கொண்டு போனவை எத்தனை, தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றவை எத்தனை? தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றபடியே போகிறவரும், வண்டியின் முன்பக்கம் பையை வைத்துக்கொண்டு போகிறவரும் ஒரே எடையைச் சுமப்பதில்லை. உள்நாட்டு விமானத்தில் அடிக்கடி பறப்பவர்களுக்குக் கைப்பை வரம்பு பெரும்பாலும் 7 கிலோதான் என்பதால் ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கில் வரும். மாதத்தில் இரண்டு மூன்று முறைதான் மேசையை விட்டு நகர்கிறது என்றால், உங்களுக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. அதை அடுத்த படியில் பிடிப்போம்.

படி 3: எடையா, வேகமா?

“புது லேப்டாப் வேண்டும், நல்ல லைட்டாக” என்று என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், உண்மையான எரிச்சல் பழையது மெதுவாக இருப்பதில்தான் என்பது தெரிந்துவிடும். மெதுவாக இருப்பதற்கான காரணத்தை லேப்டாப்பே சொல்லும், கேட்கத் தெரிந்தால்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போங்கள். வழக்கமாக வேலை செய்யும்போது திறந்திருக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். வெறும் திரையை வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் ‘டிஸ்க்’ என்பதைப் பாருங்கள். அதன் கீழ் எச்டிடி என்று இருக்கிறதா, எஸ்எஸ்டி என்று இருக்கிறதா? விண்டோஸ் இருக்கும் டிரைவ் எச்டிடியாக இருந்து, அந்த வரைபடம் நூறு சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் நோய் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. சுழலும் தட்டில் ஓர் ஊசிமுனை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடும் பழைய ஹார்ட் டிஸ்க் அது. இன்றைய விண்டோஸ் ஒரே நேரத்தில் கேட்கும் நூறு சின்னச் சின்ன கோப்புகளுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. சுழலும் பாகமே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு மாற்றினால் ஆன் ஆகும் நேரம் நிமிடக் கணக்கிலிருந்து விநாடிக் கணக்குக்கு இறங்கும்.

அடுத்து ‘மெமரி’. எட்டு ஜிபியில் ஏழு, ஏழரை என்று நிரம்பி நின்றால் ரேம் போதவில்லை. அதே பக்கத்தின் கீழே சிறிய எழுத்தில் உள்ள வரிகளில் இரண்டைக் கவனியுங்கள். ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியில் இரண்டில் ஒன்று என்றிருந்தால், ரேம் செருக இன்னும் ஓரிடம் காலியாக இருக்கக்கூடும். ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரிதான் உண்மையைச் சொல்லும். அங்கே ‘சோடிம்’ என்றிருந்தால் கழற்றி மாட்டும் ரேம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் மதர்போர்டு என்னும் முதன்மைச் சுற்றுப்பலகையிலேயே பற்றவைத்த ரேம், கடைக்காரர்கள் ‘ஆன்போர்டு’ என்பார்கள். அந்த வகையில் ஸ்லாட் எண்ணிக்கை எதைக் காட்டினாலும் அதற்கு அர்த்தமில்லை. ஆன்போர்டோடு ஒரு காலி ஸ்லாட்டும் சேர்ந்து வரும் மாடல்களும் உண்டு. சந்தேகமிருந்தால் மாடல் எண்ணைச் சொல்லிக் கடையில் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது பேட்டரி. லெனோவோ வான்டேஜ், மைஏசுஸ் போல நிறுவனமே தரும் செயலியில் பேட்டரியின் நிலை தெரியும். புதிதாக இருந்தபோது கொண்ட கொள்ளளவில் பாதிக்கு வந்துவிட்டது என்றால், நீங்கள் தினமும் சார்ஜரைச் சுமப்பதே அதனால்தான். பேட்டரியை மாற்றினால் சார்ஜரின் எடை பையிலிருந்து போய்விடும்.

கடைசியாக, லேப்டாப்பின் மூளையான பிராசஸரின் வயது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் அதில் அதிகம் செலவழிக்காதீர்கள். தமிழக அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய புதிதில் கொடுத்தவற்றை இன்னும் வைத்திருப்பவர்கள், அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பழகக் கொடுக்கலாம். அதற்குமேல் அதை வருத்த வேண்டாம்.

படி 4: மேம்படுத்துவதே போதும் என்றால்

எஸ்எஸ்டி முதலில், ரேம் அடுத்து, பேட்டரி மூன்றாவது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு ரேமை மட்டும் கூட்டினால் பெரிய மாற்றம் தெரியாது. இன்னொரு செய்தி: 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதே முக்கியக் காரணம். எனவே விலையை இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள்.

கடைக்குப் போகும்முன் இரண்டு வேலை. கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். டிரைவை நகல் எடுக்கும்போதோ, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸைப் புதுப்பிக்கும்போதோ லேப்டாப் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். அப்போது தேடினால் கிடைக்காது.

பழைய 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் ஐம்பது கிராம் போல எடையும் குறையும். பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

படி 5: எடையோடு சேர்த்து எதையெல்லாம் எடுத்துவிட்டார்கள்?

இன்னும் புதியதுதான் வேண்டும் என்று தாளில் உள்ள எண்கள் சொன்னால், இந்தப் படி உங்களுக்கு.

2008 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். 1.36 கிலோ. அரங்கமே கைதட்டியது. அதில் சிடி டிரைவ் இல்லை, நெட்வொர்க் கேபிள் செருக இடமில்லை, யுஎஸ்பி போர்ட் ஒன்றே ஒன்று, 2 ஜிபி ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது, பேட்டரியை நாமே கழற்ற முடியாது. இன்றுவரை எடை குறைந்த லேப்டாப்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த வழியில்தான் இளைக்கின்றன. எடுத்துவிட்டவற்றில் எது இல்லாமல் உங்களுக்கு வேலை ஓடாது என்பதே கேள்வி.

இவற்றில் மிகப் பெரியது ரேம். மற்ற குறைகளுக்கு ஏதாவது மாற்று உண்டு, ஆன்போர்டு ரேமுக்குக் கிடையாது. இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸரோடு ஒரே பொட்டலமாகவே வருகிறது, 16 அல்லது 32 ஜிபி, அவ்வளவுதான். ஆகவே எடை குறைந்த லேப்டாப்பில் 8 ஜிபி வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம் என்பேன். 16 ஜிபி குறைந்தபட்சம். பணம் போதவில்லை என்றால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், ரேமில் இறங்காதீர்கள்.

வெப்பம் அடுத்தது. மேக்புக் ஏர் 2020-ஆம் ஆண்டின் எம்1 மாடலிலிருந்து விசிறி இல்லாமலேயே வருகிறது. கடிதம், இணையம், எக்செல் எதற்கும் அது குறையே இல்லை. ஆனால் நீளமான வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது சூடாகி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கணக்கு எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 14 அங்குல லேப்டாப்களில் வலப்பக்க எண் பலகை பொதுவாக இருக்காது. நாள் முழுக்கத் தொகைகளை அடித்துப் பழகிய கை மேல்வரிசை எண்களோடு போராடும். தனியாக யுஎஸ்பி எண் பலகை கிடைக்கும். கல்லூரியில் பாடம் நடத்துபவர்கள் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புரொஜெக்டருக்காக ஓர் இணைப்பானைச் சுமக்க வேண்டும், மறக்கவும் நேரும்.

படி 6: விவரப் பட்டியலைப் படியுங்கள்

எடைக்குப் பக்கத்தில் ‘தொடக்க எடை’ என்று போட்டிருந்தால், அது மிகச் சிறிய பேட்டரியும் தொடுதிரை இல்லாத திரையும் கொண்ட மாடலின் எடை. நீங்கள் வாங்கப்போவது அதைவிடக் கூடலாம். பேட்டரிக்கு ‘இத்தனை மணி நேரம்’ என்ற வாக்குறுதியை விட்டுவிட்டு பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-அவர் எண்ணைப் பாருங்கள். ஒரே பிராசஸர் கொண்ட இரண்டு லேப்டாப்களில் 40 வாட்-அவரும் 60 வாட்-அவரும் ஒன்றல்ல. திரையின் வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறைவாக இருந்தால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேலை செய்வது சிரமம்.

குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் கொண்ட விண்டோஸ் லேப்டாப்கள் 2024 முதல் கிடைக்கின்றன. பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் பிரிண்டர், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் போன்றவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள், இந்தச் சிப்பின் வகையான ஆர்முக்கென்று தனியாக இருந்தால்தான் வேலை செய்யும். ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்கள் இதை உறுதி செய்யாமல் வாங்கக் கூடாது.

படி 7: கடையில் ஐந்து நிமிடம்

மூடியை ஒரு விரலால் திறந்து பாருங்கள், அடிப்பாகம் கூடவே எழும்புகிறதா என்று தெரியும். முன்மூலை ஒன்றை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். உடல் முறுகி, டச்பேட் தானாகச் சொடுக்கினால் அதை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கீபோர்டின் நடுவே அழுத்தினால் லேசாகக் குழிவது மெக்னீசியக் கலவையில் இயல்பு, அதற்காக ஒதுக்க வேண்டாம். நோட்பேடைத் திறந்து நான்கு வரி அடியுங்கள். ஒல்லியான லேப்டாப்களில் விசை இறங்கும் ஆழம் குறைவு. விரலுக்கு அது ஒத்துவருமா என்பதை யூடியூப் விமர்சனம் சொல்லாது. மறக்காமல் சார்ஜரையும் கையில் வாங்கிப் பாருங்கள், காட்சிக்கு வைத்த மேசையில் அது கண்ணில் படாது.

புதியதற்குப் பணம் போதவில்லையா?

பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்துக்கட்டும் அலுவலக லேப்டாப்களை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். டெல் லாடிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 போன்றவை ஒன்றரைக் கிலோவை ஒட்டியவை, பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் உள்ளவை, ரேமுக்கு இரண்டு ஸ்லாட்டும் இருக்கின்றன. இந்த எடையில் புதிதாக வாங்கும் பலவற்றில் அந்த வசதி கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் இப்படிப்பட்டவை நிறைய வரும்.

வாங்குமிடத்திலேயே மூன்றைச் சோதியுங்கள். பயாஸுக்குள் நுழையக் கடவுச்சொல் கேட்கிறதா? விண்டோஸை முதலிலிருந்து நிறுவி இணையத்தில் இணைத்தால், ஏதாவது ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சலைக் கேட்கிறதா? அப்படியானால் அது பழைய உரிமையாளரின் பதிவேட்டிலிருந்து இன்னும் நீக்கப்படவில்லை. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மூன்றாவது, பேட்டரியின் நிலை. மாற்று பேட்டரி விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

புதியதோ பழையதோ, வீட்டுக்கு வந்த அன்றே படி 3-இல் பார்த்த டாஸ்க் மேனேஜரைத் திறந்து ரேம், டிரைவ் இரண்டும் பில்லில் எழுதியபடி இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அடியில் உள்ள வரிசை எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம்.