சிம் சொன்ன டிபிஎஸ் ஒன்று, ரெய்டில் வந்தது ஒன்று

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேம் ஆடுகிறவர்கள் பல பேர், ரெய்ட்பாட்ஸ் தளம் சிம் (சிமுலேஷன்) ஓட்டிச் சொல்லும் டிபிஎஸ்ஸை, அதாவது விநாடிக்கு எவ்வளவு டேமேஜ் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, ரெய்டில் (குழுவாகச் சேர்ந்து பாஸ்களை அடிக்கும் சண்டையில்) அதில் முக்கால்வாசிதான் வருகிறதே என்று கியரை, அதாவது ஆயுதம் கவசங்களை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். கியர் இருக்கட்டும், முதலில் எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள்.

ரெய்ட்பாட்ஸுக்குள் ஓடுவது சிமுலேஷன்கிராஃப்ட் என்ற ப்ரோகிராம். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் அது போடுவது பேட்ச்வெர்க் சண்டை: ஒரே பாஸ், இடத்தை விட்டு நகராது, சுமார் 5 நிமிடம், ரெய்டு பஃப் (குழுவினர் தரும் பலம்) எல்லாம் உங்கள் மேல் இருக்கும், பட்டனை ஒரு தடவைகூடத் தவறவிடாத கை. நக்ஸ்ரமாஸ் ரெய்டில் 2006-இல் வந்த பேட்ச்வெர்க் என்ற பாஸ், முன்னால் நின்று அடி வாங்கும் டேங்குகளைப் போட்டுச் சாத்துவதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்யாது, அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. இப்போதைய பாஸ்களிடம் அந்த நிம்மதியெல்லாம் கிடையாது.

அதனால் இரண்டு எண் போதாது, நடுவில் மூன்றாவதாக டம்மி (அடித்துப் பழக நிற்கும் பொம்மை) வேண்டும்.

சாட்டில் ஸ்லாஷ் சிம்சி அடித்து (அதற்கான ஆடான், அதாவது கேமோடு சேர்க்கும் துணை மென்பொருள் போட்டிருக்க வேண்டும்) வரும் எழுத்துகளை ரெய்ட்பாட்ஸில் ஒட்டி, பிளட்லஸ்ட் (குழு முழுவதையும் கொஞ்ச நேரம் வேகமாக்கும் பஃப்), ரெய்டு பஃப், போஷன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 5 நிமிடத்துக்கு ஓட்டுங்கள். அப்புறம் நகரத்தில் ஒரு டம்மியை அதே 5 நிமிடம், அதே மாதிரி பஃப் எதுவும் இல்லாமல், நிறுத்தாமல் அடியுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் உங்கள் ரொட்டேஷன், அதாவது எந்தப் பட்டனை எந்த வரிசையில் அடிக்கிறீர்கள் என்பது. ஒன்று மட்டும், டம்மியின் உயிர் குறையாது, ஆகவே கடைசி 20 சதவீதத்தில் பலம் கூடும் கிளாஸ் என்றால் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், பயப்படாதீர்கள்.

இப்போது பாஸ். செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு காம்பாட் லாகிங்கை ஆன் செய்து, ஸ்லாஷ் காம்பாட்லாக் அடித்து, ரெய்டு முடிந்ததும் அந்தப் பதிவை அலசிக் காட்டும் வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்தில் ஏற்றுங்கள். அந்தச் சண்டை எத்தனை நிமிடம் நடந்ததோ அதே நீளம், உங்கள் குழுவில் நிஜமாகவே இருந்த பஃப் மட்டும் என்று வைத்து இன்னொரு சிம். டம்மியில் ஒழுங்காக அடித்துவிட்டு இங்கே மட்டும் சரிகிறதென்றால் ரொட்டேஷன் குற்றமில்லை, நகர்வதிலும் காத்திருப்பதிலும்தான் போகிறது.

லாகைத் திறந்ததும் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண் ஊதாவா ஆரஞ்சா என்று நிறத்தைத் தேடாமல், எதை எப்போது அடித்தீர்கள் என்று காட்டும் காஸ்ட்ஸ் பக்கத்துக்குப் போங்கள். என் மேஜ் (மந்திரவாதி) கேரக்டரில் ஒரு முறை 4 நிமிடம் 50 விநாடி சண்டை, ஒரு தடவை போட்டால் 2 நிமிடம் கழித்தே மறுபடி கிடைக்கும் கூல்டவுன் ஒன்று: 0:00, 2:00, 4:00 என்று மூன்று தடவை விழ வேண்டும். நான் போட்டது இரண்டுதான். பாஸின் துணை ஆட்கள் வரட்டும் என்று இரண்டாவதை 2:55 வரை கையில் வைத்திருந்தேன், மூன்றாவது தயாராவதற்குள் பாஸ் செத்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் கியரில் ஒன்றான ட்ரிங்கெட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

டேமேஜ் பட்டியலில் ஆக்டிவ் என்றொரு சதவீதமும் இருக்கும். அது 80-இல் நிற்கிறதென்றால் சண்டையில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் நீங்கள் எதுவும் அடிக்கவில்லை, எந்தக் கியரும் அதை ஈடுகட்டாது. முதலிடத்தில் இருப்பவரோடு ஒப்பிடும்போது அவர் மேல் ப்ரீஸ்ட் கிளாஸ் போடும் பவர் இன்ஃப்யூஷன் என்ற பஃப் விழுந்திருக்கிறதா என்று பஃப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ப்ரீஸ்ட் நண்பர் இல்லாதவர்களுக்கு அது வராது.