பழைய சிங்கிள் ஷாட் 22-க்கு பார்ட் தேடறீங்களா, அரத்தை முதல்ல கீழ வைங்க

போன வாரம் ஒரு தம்பி போட்டோ அனுப்பியிருந்தார். பழைய ஸ்டீவன்ஸ் ஃபேவரிட், ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போட்டு சுடற அமெரிக்க 22 (0.22 இன்ச் தோட்டா) ரைஃபிள், ஃபயரிங் பின் (தோட்டாவை அடிச்சு பத்த வைக்கற ஊசி) முனை உடைஞ்சு போச்சு, புதுசு வாங்கிட்டேன் ஆனா உள்ள போக மாட்டேங்குது, துளையை லேசா ராவி விட்டா சரியாயிடுமாண்ணேன்னு கேட்டிருந்தார். பார்த்த உடனே போன் போட்டேன், ராவிடாதீங்க தம்பின்னுதான் முதல் வார்த்தையே. ஏன்னா இதே ரைஃபிள்ல இதே துளையை பல வருஷத்துக்கு முன்னாடி நான் ராவியிருக்கேன். இந்த வருஷத்துல மட்டும் இதே கேள்வி எனக்கு மூணாவது தடவை வருது, அதான் மொத்தமா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

சேம்பர் (தோட்டா உட்கார்ற இடம்) காலியான்னு பாருங்க, கழட்டற ஸ்க்ரூவை டப்பாவுல போடுங்க, இந்த மாதிரி விஷயமெல்லாம் நான் எழுதப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும்.

பேரை மட்டும் பார்த்து வாங்கிட்டு, பொருந்தலைன்னா துப்பாக்கியை ராவறது

என்னை இன்னிக்கும் கடுப்பேத்தற தப்பு இதுதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஃபேவரிட்னு பேரு ஒண்ணுதான், ஆனா உள்ள ஒரே துப்பாக்கி கிடையாது. 1894 மாடல்னு ஒண்ணு இருக்கு, 1915 மாடல்னு ஒண்ணு இருக்கு, ரெண்டுக்கும் ப்ரீச் பிளாக் (தோட்டாவுக்கு பின்னாடி அடைச்சு நிக்கற இரும்புக் கட்டை, பின் போற துளை இதுலதான்), ஃபயரிங் பின் எதுவும் மாத்தி மாத்தி போட முடியாது. எனக்கு அப்போ அது தெரியாது. பேரல் (துப்பாக்கிக் குழல்) மேல ஸ்டீவன்ஸ்னு இருக்கு, ஃபேவரிட்னும் இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்னு நினைச்சு "ஃபேவரிட் ஃபயரிங் பின் ஒண்ணு" அப்படின்னு ஆர்டர் போட்டேன். வித்தவரும் எந்த மாடல்னு ஒரு வார்த்தை கேக்கல, அனுப்பிட்டார். என் கையில இருந்தது 1894, வந்தது 1915-க்கு உண்டான பின். தடிமன் கொஞ்சம் கூட. கொஞ்சம்னா வெறுங்கண்ணுக்கு தெரியாத அளவு, துளையில வச்சா பாதி தூரம் போய் நிக்கும், இன்னும் ஒரு தட்டு தட்டினா போயிடும் போலயே இருக்கும். அங்கதான் எல்லாரும் விழறோம்.

ஊசி அரத்தை எடுத்து துளையை பெருசு பண்ணிட்டேன். பின் வழவழன்னு உள்ள போச்சு. அன்னிக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லி மாளாது. சுட்டுப் பார்த்தப்ப முதல் ரெண்டு தோட்டா ஒழுங்கா போச்சு, மூணாவதுல முகத்துல சூடா ஏதோ அடிச்ச மாதிரி இருந்துச்சு, கண்ணாடி போட்டிருந்ததால தப்பிச்சேன். காலி தோட்டாவை எடுத்துப் பார்த்தா ரிம்ல (தோட்டாவோட அடிப்பக்க விளிம்புல) பின் அடிச்ச இடம் குமிழ் மாதிரி வெளிய பிதுங்கி, ஓரத்துல மயிரிழை அளவுக்கு வெடிப்பு.

என்ன நடந்துச்சுன்னா, ரிம்ஃபயர் தோட்டாவுக்கு நடுவுல தனியா ப்ரைமர் கிடையாது, தீப்பத்தற மருந்து அந்த மெல்லிசான ரிம்முக்குள்ளயே சுத்தி இருக்கு. பின் அடிக்கும்போது நசுங்கணும்ங்கறதுக்காகவே அந்த பித்தளை மெல்லிசா இருக்கு. சுடும்போது வர்ற அழுத்தத்தை பித்தளை தனியா தாங்காது, அதுக்கு பின்னாடி முட்டுக் கொடுத்து நிக்கறது ப்ரீச் பிளாக் முகம்தான். பின் துளை பெருசானா அந்த இடத்துல முட்டு இல்ல, பித்தளை துளைக்குள்ள பிதுங்கும், பிதுங்கினா கிழியும், கிழிஞ்சா சூடான வாயு பின்பக்கமா உங்க முகத்துக்குத்தான் வரும்.

அப்புறம் சரியான 1894 பின்னை தேடிப் பிடிச்சேன், ஆனா ராவின துளைக்குள்ள அது லொடலொடன்னு ஆடுது. ஆக பின் மட்டும் பத்தாது, ப்ரீச் பிளாக்கே மாத்தணும். பழைய பிளாக் ஒண்ணு கிடைக்க ஒன்பது மாசம் ஆச்சு. கிடைச்ச பிளாக்கும் என் ரைஃபிளோட லீவர், லிங்க், ஸ்க்ரூ துளை எதோடயும் ஒழுங்கா சேரல, கடைசியில கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) ஒருத்தர் உட்கார்ந்து பொருத்தி, ஹெட்ஸ்பேஸ் (தோட்டாவுக்கும் பிளாக்குக்கும் நடுவுல உள்ள இடைவெளி) பார்த்துக் கொடுத்தார். அவர் கூலியோட சேர்த்தா முழு ரைஃபிளோட விலைக்கு மேல போயிடுச்சு. ஒரே ஒரு சின்ன பின்னுக்காக.

அதனால இப்ப நான் எப்படி பண்றேன்னா, உடைஞ்ச பழைய பார்ட்டை வெள்ளைத் தாள்ல வச்சு பக்கத்துல ஸ்கேல் வச்சு நாலு பக்கமும் போட்டோ எடுப்பேன். வெர்னியர்ல உடம்பு தடிமன், மொத்த நீளம், முனையோட அகலம், பின்னைப் பிடிச்சு நிறுத்தற குறுக்கு ஸ்க்ரூவுக்கான பள்ளம் முனையில இருந்து எவ்வளவு தூரம், எல்லாம் அளந்து எழுதிக்குவேன். நியூம்ரிச் மாதிரி பழைய பார்ட்ஸ் விக்கறவங்ககிட்ட மாடல் வாரியா பிரிச்சுக் காட்டற படம் இருக்கும், அதோட ஒப்பிடுவேன். அப்புறம் விக்கறவர்கிட்ட இதே அளவை கேட்டு வாங்குவேன், அளந்து சொல்ல மாட்டேன்னா அவர்கிட்ட வாங்கவே மாட்டேன். பேரல்ல இருக்கற கம்பெனி பேரும் உதவும், "ஜே. ஸ்டீவன்ஸ் ஆர்ம்ஸ் அண்ட் டூல்"னு இருந்தா முதல் உலகப் போர் சமயத்துல கம்பெனி கை மாறறதுக்கு முன்னாடி உள்ளது, வெறும் "ஜே. ஸ்டீவன்ஸ் ஆர்ம்ஸ் கம்பெனி"ன்னா அதுக்கு அப்புறம், 1920-ல சாவேஜ் வாங்கிட்டாங்க. ஆனா ஃபேவரிட் பேரல் ஒரே ஸ்க்ரூல கழண்டு வர்ற டைப், நூறு வருஷத்துல யார் எதை மாத்தினாங்கன்னு யாருக்கு தெரியும், பேரல் எழுத்தை மட்டும் நம்பாதீங்க.

வந்த பார்ட் கொஞ்சம் இறுக்கமா இருந்தா, அளவு சரிதான்னு நிச்சயமா தெரிஞ்ச அப்புறம், புது பார்ட்டை ராவுங்க. பிளாக்கையோ ரிசீவரையோ (துப்பாக்கியோட நடு உடம்பு) தொடவே தொடாதீங்க. பார்ட் கெட்டா இன்னொண்ணு வாங்கலாம்.

எக்ஸ்ட்ராக்டர் போச்சுன்னு முடிவு கட்டறது

காலி தோட்டா வெளிய வரமாட்டேங்குதுன்னா உடனே எக்ஸ்ட்ராக்டர் (காலி தோட்டாவை வெளிய இழுக்கற பார்ட்) ஆர்டர் போட்டுடறாங்க. வந்ததை மாட்டிட்டு அப்பவும் வரலன்னு திரும்ப என்கிட்ட வர்றாங்க. முதல்ல சேம்பர் வாயை டார்ச் அடிச்சு பாருங்க. தோட்டா இல்லாம சும்மா சும்மா டிக் டிக்குன்னு அடிச்சு விளையாடின துப்பாக்கின்னா பின் முனை நேரா பேரல் விளிம்புல குத்தியிருக்கும், அந்த இடத்துல ஒரு பள்ளம், பள்ளத்துல இருந்து தள்ளின இரும்பு சேம்பருக்குள்ள பிசிறா நீட்டிட்டு நிக்கும். காலி தோட்டா மாட்டறது அந்த பிசிறுலதான். எடுத்துப் பார்த்தா பித்தளை மேல நீளவாக்குல ஒரே இடத்துல கீறல் இருக்கும். அதை உள்ள இருந்து வெளிய அழுத்தி சரி பண்ண தனி டூல் இருக்கு, கன்ஸ்மித்கிட்ட கொடுத்தா சீக்கிரம் முடியற வேலை. ரவுண்ட் அரம் விட்டா சேம்பரே கெட்டுடும்.

கூடவே பின் எவ்வளவு வெளிய நீட்டுதுன்னும் பார்த்துடுங்க. 22 ரிம்மோட தடிமனே கிட்டத்தட்ட 0.043 இன்ச்தான், பின் அதை விட கம்மியா நீட்டி நிக்கணும், இல்லன்னா பேரலை குத்திக்கிட்டேதான் இருக்கும்.

கடை பேரை கம்பெனி பேருன்னு நினைக்கறது

சியர்ஸ், மாண்ட்கோமரி வார்ட் மாதிரி பெரிய அமெரிக்க கடைங்க பெரும்பாலும் சொந்தமா துப்பாக்கி செய்யல, வேற கம்பெனிகிட்ட செய்யச் சொல்லி தன் பேரை குத்தி வித்தாங்க. ஜே.சி. ஹிக்கின்ஸ், ரேஞ்சர், வெஸ்டர்ன் ஃபீல்ட் எல்லாம் அப்படித்தான். அந்த பேருல தேடினா பார்ட் கிடைக்காது. சியர்ஸ் துப்பாக்கியில மாடல் நம்பருக்கு முன்னாடி ஒரு மூணு இலக்கம் இருக்கும், 103-ன்னா மார்லின், 101-ன்னா சாவேஜ்-ஸ்டீவன்ஸ். எந்த கடை மாடல் எந்த கம்பெனி மாடலுக்கு சமம்னு பட்டியல் கிடைக்குது, அதை பார்த்துட்டு அப்புறம் தேடுங்க.

சீரியல் நம்பர் இல்லையேன்னு பயப்படறது

அமெரிக்காவுல எல்லா துப்பாக்கிக்கும் நம்பர் கட்டாயம்னு சட்டம் வந்ததே 1968-லதான், அதுக்கு முன்னாடி வந்த மலிவு 22 நிறைய நம்பர் இல்லாமலேயே வெளிய வந்துச்சு. வின்செஸ்டர் 67 பெரும்பாலும் அப்படித்தான், 1934-ல இருந்து 1963 வரைக்கும் வந்த மாடல் அது. நம்பர் இல்லாததால யாரோ அழிச்சுட்டாங்கன்னு நினைக்க வேண்டாம், ஆனா அழிச்ச தடம் இருக்கான்னு நல்லா பார்த்துக்கங்க, அது வேற விஷயம்.

ரெமிங்டன்ல பேரல் இடது பக்கம் ரிசீவர்கிட்ட, தயாரிச்ச மாசம், வருஷத்தைக் காட்டற எழுத்து சின்னதா குத்தியிருக்கும். பிளாக்பவுடர்னு இங்கிலீஷ்ல (BLACKPOWDER) எழுதி கடைசியில ஒரு எக்ஸ் (X) போட்டா பன்னிரண்டு எழுத்து, வரிசையா ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும். B-ன்னா ஜனவரி, X-ன்னா டிசம்பர். கூட இருக்கற மத்த எழுத்து வருஷம். ரெமிங்டன் 514 மாதிரி மாடலுக்கு எந்த காலத்து போல்ட் (தோட்டாவுக்கு பின்னாடி அடைச்சு நிக்கற உருளை)னு தேடும்போது இது ரொம்ப உதவும்.

22-ன்னு இருந்தா எல்லாம் ஒரே 22-ன்னு நினைக்கறது

22 ஷார்ட்ங்கற தோட்டா 1857-ல வந்தது, 22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-ல, 22 டபிள்யூ.ஆர்.எஃப் (வின்செஸ்டர் ரிம்ஃபயர்) தோட்டா 1890-ல. டபிள்யூ.ஆர்.எஃப் சேம்பர் அகலம் கூட, அதுல லாங் ரைஃபிள் போட்டா பித்தளை பிளக்கும். பேரல்ல இருக்கற எழுத்தை முழுசா படிச்சுட்டு பேரல், போல்ட் எது வேணும்னாலும் தேடுங்க.

ஸ்க்ரூ

பழைய கம்பெனிங்க தன் இஷ்டத்துக்கு மரை போட்டாங்க. ஹார்ட்வேர் கடை ஸ்க்ரூவை திருகி ஏத்தாதீங்க.

ஸ்ப்ரிங்

நீளமா இருக்குன்னு வெட்டாதீங்க.

உடைஞ்ச பழைய பார்ட்

தூக்கிப் போடாதீங்க, புதுசு எங்கயும் கிடைக்கலன்னா லேத்ல செஞ்சு தர்றவருக்கு மாதிரியா காட்ட உங்ககிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். அந்த தம்பியும் முனையை குப்பையில போட்டுட்டார், நல்லவேளை உடம்பு பகுதி இருந்துச்சு. வெர்னியர்ல அளந்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினார், அதுவும் 1894-தான். வந்த பின்னை ராவாம அப்படியே திருப்பி அனுப்பிட்டார், சரியான பின் ஒண்ணை அளவு கேட்டு தேடிக்கிட்டு இருக்கோம்.