“கயிறு என்னாச்சுப்பா?” – மேடையில் சொந்தக் கதை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலாக மேடையேறி என் சொந்தக் கதையைச் சொன்னபோது அதை வரி பிசகாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்பது வயதில் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழகிய கதை. முதுகில் சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே அண்ணன் கையில். மூன்றாவது நிமிடத்தில் யாருடைய செல்போனோ அடித்தது. அடுத்த வரி போய்விட்டது. தொண்டை வறண்டு நின்றேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் பொறுக்க முடியாமல், “கயிறு என்னாச்சுப்பா?” என்று கேட்டார்.

“அண்ணன் விட்டுட்டான்யா” என்றேன். மிச்சத்தை வீட்டில் பேசுவது மாதிரியே சொல்லி முடித்தேன். பிறகு என்னிடம் வந்து பேசியவர்கள் எல்லோரும் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: வரிகளை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தவர் கிணற்றைப் பார்ப்பதில்லை, மனதில் இருக்கும் தாளைப் பார்க்கிறார். கண் மேலே போய்விடும், குரல் ஒரே சீராகிவிடும். ஒரு சொல் தவறினால் பின்னால் உள்ள எல்லாம் சேர்ந்து சரியும். அதற்குப் பதிலாக இடங்களை வரிசையாக நினைவில் வையுங்கள். கிணற்று மேடு, பாசி பிடித்த படி, காலில் பட்ட முதல் குளிர், கயிறு தளர்ந்த நொடி. ஆரம்ப வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் உறுதியாகத் தெரிந்திருந்தால் போதும்.

நியூயார்க்கில் 1997-இல் ஜார்ஜ் டாஸ் கிரீன் என்ற நாவலாசிரியர் தொடங்கிய, சொந்தக் கதை சொல்வதற்கான ‘தி மாத்’ அமைப்பின் மேடைகளில் கையில் குறிப்புத்தாள் வைத்துக்கொள்ளவே கூடாது. மாத் என்றால் விட்டில் பூச்சி. ஜார்ஜியா மாநிலத்தில், இரவில் விளக்கைச் சுற்றி விட்டில்கள் பறக்க, நண்பர்களோடு வீட்டு முகப்பில் உட்கார்ந்து கதை பேசிய நினைவில் அவர் வைத்த பெயர். அப்படிப் பேசும்போது யாரும் தாளைப் பார்ப்பதில்லையே. நம் ஊரிலும் கதை கேட்பவர் ‘உம்’ கொட்டுவார், வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். அந்த ‘உம்’முக்குக் காது கொடுத்து அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். ஒப்பிப்பவருக்கு அது கேட்காது.

அடுத்தது, தமிழில் கதை சொல்கிறவர்களுக்கு என்றே உள்ள சிக்கல். மைக் கைக்கு வந்ததும் ‘அம்மா’ ‘தாயார்’ ஆகிவிடுகிறார். ‘சாப்பிட்டியா’ என்று கேட்டவர் ‘உணவு அருந்தினாயா என வினவினார்’ என்று மாறிவிடுகிறார். பள்ளிப் பேச்சுப்போட்டியும் பட்டிமன்றமும் நமக்குள் இறக்கி வைத்த பழக்கம். சொற்பொழிவுக்கு அந்த நடை அழகு. சொந்தக் கதையில் அது நமக்கும் நம் அம்மாவுக்கும் நடுவே திரை போட்டுவிடுகிறது. உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள். கோவில்பட்டிக்காரர் கோவில்பட்டிப் பேச்சில் சொன்னால் சென்னையில் இருப்பவருக்கும் புரியும். ஒன்றிரண்டு சொல் புரியாவிட்டாலும் நஷ்டமில்லை.

ஒரு பயிற்சிக்கு வந்த பெண் தன் கதையை, “எங்கம்மா ரொம்ப தைரியசாலி, யாருக்கும் பயப்பட மாட்டாங்க” என்று தொடங்கினார். கேட்ட எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. “என்ன செஞ்சாங்க?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: கிராமத்தை விட்டு வந்த அன்று அம்மா ஆட்டுக்கல் குழவியை மட்டும் ஒயர்கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாராம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டிருக்கிறார். அம்மா குழவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “மடியில இருக்கறது லக்கேஜ் இல்லைங்க” என்றாராம். இறங்கும்வரை மடியைவிட்டு எடுக்கவில்லை. எங்களுக்கு அதற்கு மேல் ‘தைரியசாலி’ என்ற சொல்லே தேவைப்படவில்லை. குணத்தைச் சொல்லத் தோன்றும் ஒவ்வொரு இடத்திலும், அந்தக் குணம் வெளிப்பட்ட ஒரு நாளைத் தேடுங்கள். நீளமான முன்னுரையும் வேண்டாம், பஸ்ஸிலேயே தொடங்கலாம்.

முடிவில் நீதி சொல்வதும் இதே வகைதான். ‘ஆகவே நண்பர்களே’ என்று தொடங்கினால், அதுவரை உங்களோடு பஸ்ஸில் வந்தவரை வகுப்பறைக்குள் உட்கார வைத்துவிடுவீர்கள்.

நேரத்தை மதியுங்கள். மாத்தின் போட்டி மேடைகளில் 5 நிமிடம், கூடுதலாக ஒரு நிமிடச் சலுகை. வீட்டில் சரியாக 5 நிமிடம் வரும் கதை மேடையில் நீளும், ஏனென்றால் அங்கே ஆட்கள் சிரிப்பார்கள், நீங்கள் மூச்சு வாங்குவீர்கள். நான்கில் முடிகிற மாதிரி தயார் செய்யுங்கள்.

இன்னும் ஆறாத காயத்தை மேடைக்குக் கொண்டுவராதீர்கள். கண் கலங்குவதில் தவறே இல்லை. ஆனால் கேட்பவர்கள் கதையை விட்டுவிட்டு, ‘இவரை யார் வீட்டுக்குக் கூட்டிப் போவது’ என்று கவலைப்படத் தொடங்கினால் அந்தக் கதைக்கு இன்னும் காலம் வரவில்லை. தழும்பான பிறகு சொல்லலாம்.

அப்புறம், உண்மை. சுவைக்காக நடக்காததைச் சேர்க்காதீர்கள். நினைவில் பிசகு இருக்கலாம், அது வேறு. ‘எனக்கு இப்படித்தான் ஞாபகம்’ என்று சொல்லிவிட்டால் போதும். கதையில் வரும் மற்றவர்களிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், நம் கதை அவர்களுடையதும்தான். நான் அண்ணனிடம் கேட்காமலே அந்த முதல் மேடையில் சொல்லிவிட்டேன். இரண்டாவது முறைக்கு முன்னால்தான் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “சொல்லு, பரவால்ல. ஆனா நான் விடலடா. கை வழுக்கிடுச்சு. உன்ன மேல தூக்குறவரைக்கும் நான் அழுதுக்கிட்டே இருந்தேன், அத நீ பாக்கல” என்றான்.

இப்போது அந்தக் கதையை இரண்டு பேர் பார்த்த மாதிரியும் சொல்கிறேன்.