‘மரிச்சு’ என்றாரா, ‘மறச்சு’ என்றாரா: சாவு வீட்டிலிருந்து போன 108 அழைப்பைப் பரிசோதிப்பது எப்படி

சந்தேக மரண வழக்கில் ஆம்புலன்ஸ் எண் 108க்கோ அவசர உதவி எண் 112க்கோ போன அழைப்பின் பதிவு கைக்கு வந்ததும், ஸ்பீக்கரில் போட்டு ஐந்தாறு பேர் கூடிக் கேட்பார்கள். அதைச் செய்யாதீர்கள். ஒருவர் “இப்படித்தான் சொல்கிறான்” என்று வாய்விட்டால், அப்புறம் எல்லார் காதிலும் அதுதான் விழும்.

கேட்டு வாங்கும்போதே பாதி வேலை இருக்கிறது. ஒலிக்கோப்பு மட்டும் போதாது. அழைப்பு எண், அழைப்பு வந்த நேரம், வண்டி ஒதுக்கிய நேரம், கிளம்பிய, சேர்ந்த, ஆஸ்பத்திரியில் இறக்கிய நேரங்கள், ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளரான இ.எம்.டி. எழுதிய நோயாளிப் பதிவு எல்லாம் வேண்டும். ஒரே எண்ணிலிருந்து வந்து அறுந்துபோன அழைப்புகளையும், பக்கத்து வீட்டுக்காரர் தன் போனில் கூப்பிட்டதையும் சேர்த்துக் கேளுங்கள். வழி கேட்டு பைலட் (ஆம்புலன்ஸ் ஓட்டுநர்) திரும்ப அழைத்திருந்தால் அந்தப் பேச்சு பதிவாகியிருக்காமல் போகலாம். அழைத்த நேரமாவது சி.டி.ஆரில் (போன் கம்பெனியின் அழைப்பு விவரப் பட்டியலில்) கிடைக்கும். சி.டி.ஆரை கம்பெனிகள் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். குரல் பதிவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பதால் முதல் வாரத்திலேயே எழுதிக் கேட்பது நல்லது. விசாரணை அதிகாரி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 94ஆம் பிரிவில் கேட்கலாம். குடும்பத்தார் என்றால் வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் மனுப் போடுவதே வழி. கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்து ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடந்தால், நாகர்கோவிலோ பத்மநாபபுரமோ, அந்தக் கோட்ட அலுவலகத்திலும் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து வையுங்கள்.

நம் குமரி மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. களியக்காவிளைப் பக்கம் கைபேசி கேரள டவரைப் பிடித்துக்கொண்டால் அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறையில் விழுந்திருக்கலாம். சென்னைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து “அப்படியொரு அழைப்பே வரவில்லை” என்று பதில் வந்தால் கூப்பிட்டதாகச் சொன்னவரைப் பொய்யர் ஆக்கிவிடாமல், சி.டி.ஆரில் டவர் எண்ணைப் பாருங்கள்.

கோப்பு வந்த நிமிடமே ஷா-256 ஹேஷ் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) எடுத்து, தேதி போட்டு எழுதி, மூலத்தை உறையிட்டு வையுங்கள். வேலையெல்லாம் நகலில்தான். 1.7.2024 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹேஷ் எண்ணைக் குறிக்க இடம் இருக்கிறது. அது ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பாகம், இரண்டாவதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். வாட்ஸ்ஆப்பில் வந்த நகலை வைத்துப் பரிசோதிக்கவே கூடாது. ஆடியோவாக அனுப்பும்போது அது மறுபடி சுருக்கப்பட்டிருக்கலாம், ஹேஷும் பொருந்தாது.

இனிக் கேட்பது. காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் வேண்டும். எழுதாமல் மூன்று முறை முழுதாகக் கேளுங்கள். பிறகு 5 விநாடித் துண்டுகளாகத் திரும்பத் திரும்ப ஓட்டி எழுதுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எழுத வேண்டும். இருவருக்கும் வழக்கின் கதை தெரியக்கூடாது. ஒருவராவது குமரி மாவட்டத்துக்காரராக இருப்பது கட்டாயம். இங்கே ஒருவர் பதறிப்போய் “அம்மைக்கு அனக்கமில்ல, போதமில்ல, மரிச்சுப் போச்சுன்னு தோணுது” என்பார். அசைவில்லை, நினைவில்லை, இறந்துவிட்டது போலிருக்கிறது என்பதுதான் பொருள். வெளியூர்க் காதுக்கு ‘அனக்கம்’ ‘அடக்கம்’ ஆகலாம், ‘போதமில்ல’ ‘போதையில’ ஆகலாம். ‘மரிச்சு’ என்பதை ‘மறச்சு’ (மறைத்து) என்று எழுதிவிட்டால் துக்கச் செய்தி ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். போன் குரல் பெரும்பாலும் ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் அடங்குவதால் மெலிந்த ஒலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். எழுதும்போது பேச்சை அப்படியே வையுங்கள், எழுத்துத் தமிழுக்குத் திருத்தாதீர்கள். தெளிவில்லாத இடத்தில் சொல்லை ஊகித்து நிரப்பாமல் ‘2 விநாடி, தெளிவில்லை’ என்று போடுங்கள். இருவரும் வேறுபடுகிற இடங்களில் இரண்டு பாடத்தையும் அறிக்கையில் காட்டுங்கள்.

இரைச்சல் நீக்கும் கருவியைக் கடைசியில் தொடுங்கள். அதிகம் நீக்கினால் சொல்லே கரைந்து, இல்லாத ஓசை ஒன்று முளைக்கும். செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் அளவோடு குறித்து வையுங்கள்.

பின்னணி ஓசை திடீரென்று அறுந்தால் வெட்டி ஒட்டியது என்று துள்ள வேண்டாம். யாரும் பேசாத நேரத்தில் கைபேசி வலையமைப்பு உண்மையான ஓசையை அனுப்பாமல் செயற்கை இரைச்சலை நிரப்புவது வழக்கம். கைபேசியின் இரைச்சல் தடுப்பும் அறையில் இருந்தவர் குரலை விழுங்கும். அதனால் அழுகை கேட்கவில்லை என்றால் யாரும் அழவில்லை என்று ஆகாது. மாறாக, தானியங்கி ஒலியேற்றம் தூரத்துக் குரலைப் பக்கத்தில் இருப்பதுபோல் காட்டும். இத்தனைக்கும் நடுவே கேட்கிற பாங்கோ கோயில் மணியோ தெளிவாக இருந்தால் விடாதீர்கள், நேரத்தைச் சரிபார்க்க உதவும்.

அடுத்து எல்லா நேரங்களையும் ஒரே தாளில் வரிசைப்படுத்துங்கள். கட்டுப்பாட்டு அறைக் கடிகாரமும் சி.டி.ஆர். கடிகாரமும் சில விநாடி வேறுபடலாம். ஒரே அழைப்பை இரண்டிலும் கண்டுபிடித்து வித்தியாசத்தைக் கழித்த பிறகுதான் மற்றவற்றை ஒப்பிட வேண்டும். ‘பார்த்தவுடனே கூப்பிட்டேன்’ என்ற வாக்குமூலத்தைச் சோதிக்க இந்தத் தாள்தான் உதவும்.

அழைத்தவரின் தொனியை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். அமெரிக்காவில் ட்ரேசி ஹார்ப்ஸ்டர் என்ற போலீஸ் அதிகாரி 100 அழைப்புகளை வைத்து 2008இல் அப்படியொரு முறையை வெளியிட்டார். எஃப்.பி.ஐ.யின் நடத்தைப் பகுப்பாய்வுப் பிரிவினரே பின்னால் சோதித்தபோது அந்த முறை ஊர்ஜிதமாகவில்லை. தேவையில்லாத விவரம் சொல்வது, மரியாதையாகப் பேசுவது எல்லாம் அங்கே சந்தேகக் குறிகள். இங்கே சென்னையில் இருக்கும் ஊழியர் “எந்த மாவட்டம், எந்த தாலுகா, பக்கத்தில் என்ன இருக்கு” என்று கேட்கக் கேட்க, அழைத்தவர் தேவாலயத்தையும் ரப்பர் தோட்டத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை ‘சார்’ போடுவது இங்கே எல்லார் வழக்கமும்தான். எனவே பதிலை மட்டும் பிரித்துப் பார்க்காமல், அதற்கு முன் வந்த கேள்வியையும் சேர்த்தே எழுதுங்கள். யார் எப்போது எதை அறிந்திருந்தார், முதலுதவி சொன்னபோது என்ன பதில் வந்தது, பின்னால் யாருடைய குரல் இருந்தது: இவ்வளவுதான் பதிவிலிருந்து எடுக்கலாம்.

குரல் யாருடையது என்ற தகராறு வந்தால் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு விடுங்கள். மாதிரிக் குரலுக்கு பி.என்.எஸ்.எஸ். 349இன்படி மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். மாதிரியை நல்ல மைக்கில் மட்டும் எடுத்தால் ஒப்பிடுவது கடினம். கைபேசி வழியாகவும் எடுக்கச் சொல்லுங்கள், அழைப்பில் வந்த அதே சொற்களை வீட்டுப் பேச்சிலேயே பேசவைத்து.